என்னுது மட்டும் ஏன் குட்டி போடலை?

பொறாமைப்பட வேண்டுமானால் பெரியவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். பக்கத்து வீட்டில் கார் வாங்கிவிட்டார்கள், ஓரகத்தி புதுசாக ரெட்டை வடம் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தாள், ஆபீஸில் ஜூனியருக்குப் பிரமோஷன்... இப்படி ஏதாவது ஒன்று. மூணாம் கிளாஸில் அந்த மாதிரி பலமான காரணமெல்லாம் தேவையில்லை.

"டீச்சர், அவளுக்கு மட்டும் பல்லு விழுந்துடுச்சு. எனக்கு இன்னும் ஆடக்கூட இல்லை!" என்று அழுதுகொண்டே ஒன்று வரும்.

"அவனுக்கு மட்டும் அம்மை போட்டு பத்து நாள் லீவு டீச்சர்!" என்று இன்னொன்று மூக்கை உறிஞ்சும்.

வாசனை ரப்பர், பொம்மை போட்ட வாட்டர் பாட்டில், பக்கத்தில் இருப்பவளுக்கு மருதாணி கூடுதலாகச் சிவந்தது, டீச்சர் அவன் தோளில் கை வைத்தார்கள், என் தோளில் வைக்கவில்லை... எல்லாமே வயிற்றெரிச்சல்தான். ஒரு முறை ஒரு பையன் மரத்திலிருந்து விழுந்து கையில் மாவுக்கட்டோடு வந்தான். மறுநாள் பார்க்கிறேன், மூன்று பேர் கையைக் கைக்குட்டையால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள்!

கும்பகோணத்தில் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில் 32 வருஷம் டீச்சராக இருந்தேன். பெரும்பாலும் ரெண்டாம் கிளாஸ், மூணாம் கிளாஸ். "குழந்தைகள் மனதில் கள்ளம் கபடம் கிடையாது" என்று யாராவது மேடையில் பேசினால், அவரை ஒரே ஒரு மழை நாள் மத்தியானம், 40 பேர் இருக்கிற வகுப்பில் விட்டுவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டால் என்ன என்று தோன்றும்.

இதில் குழந்தைகளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? சரக்கு பிறக்கும்போதே கூட வருகிறது. சிபில் ஹார்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 2002-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். ஆறு மாசக் குழந்தையை உட்கார வைத்துவிட்டு, அம்மாவை ஒரு புத்தகத்தில் ஆழ்ந்துவிடச் சொன்னார்களாம். குழந்தை பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அதே அம்மா நிஜக் குழந்தை மாதிரி இருக்கிற ஒரு பொம்மையை மடியில் வைத்துக் கொஞ்சியதும், வந்ததே கோபம்! என் மகன் இதைப் படித்துச் சொன்னபோது எங்க வீட்டுக்காரர், "இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போவானேன்? தம்பி பாப்பா பொறந்த வீட்டுல மூத்ததோட மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா?" என்றார்.

ஆனால் பள்ளிக்கூடத்துப் பொறாமைக்கு ஒரு வயசு உண்டு. ஒண்ணாம் கிளாஸில் போய், "இங்கே யார் நல்லா படம் வரைவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அத்தனை கையும் மேலே போகும். கோழி என்று நாலு கோடு கிழித்தவனும் எழுந்து நின்று கையைத் தூக்குவான். அதே கேள்வியை மூணாம் கிளாஸில் கேளுங்கள். ஒரு கைகூட எழும்பாது. நாற்பது விரலும் ஒரே ஒரு பிள்ளையைக் காட்டும். நடுவில் இரண்டு வருஷத்தில், ஏழு எட்டு வயதில், "நான் எப்படி?" என்கிற கேள்வி "அவனைவிட நான் எப்படி?" என்று மாறிவிடுகிறது. அந்த இரண்டு வருஷம்தான் என் உத்தியோகமே.

குரங்குகளுக்கும் இது உண்டாம். சாரா பிராஸ்னன், ஃபிரான்ஸ் டி வால் என்ற இரண்டு பேர் 2003-ல் எழுதினார்கள். கப்புசின் குரங்குகளிடம் ஒரு வில்லையைக் கொடுத்து, திருப்பித் தந்தால் வெள்ளரித் துண்டு. சந்தோஷமாகத் தின்றன. பக்கத்துக் கூண்டுக் குரங்குக்கு அதே வேலைக்குத் திராட்சை கொடுத்ததும் கதை மாறிவிட்டது. வெள்ளரி வேண்டாம் என்று மறுத்தன, சில விட்டெறிந்தன. அதுவரை இனித்த அதே வெள்ளரிக்காய்தான்!

வள்ளுவர் தாத்தா 'அழுக்காறாமை' என்று ஓர் அதிகாரமே போட்டிருக்கிறார். அதை மனப்பாடம் செய்ய வைத்தால் பொறாமை போய்விடும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய சார் நம்பினார். பத்துக் குறளையும் மூச்சு விடாமல் ஒப்பித்த பையன் உட்காருவதற்கு முன்னால் என்ன செய்தான் தெரியுமோ? ஒன்பதோடு திக்கி நின்ற பையனைத் திரும்பிப் பார்த்து நாக்கை நீட்டினான்.

சரி, வேறு என்னதான் செய்வது? நான் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு சங்கதிதான். பொறாமை என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவதற்குள் இரண்டு குரல் இருக்கிறது. ஒன்று, "எனக்கும் வேணும்." மற்றது, "அவளுக்கு இருக்கக் கூடாது." முதலாவது வெறும் ஏக்கம். பசி மாதிரி. அதை அதட்டுவதில் அர்த்தமில்லை. "சீ, அடுத்தவ பொருளுக்கு ஆசைப்படலாமா?" என்று அதை வாயைத் திறக்க விடாமல் அடக்கினால், அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு இரண்டாவதாக வெளியே வரும். அப்போதுதான் இங்க் கொட்டும், நோட்டு கிழியும், "குண்டு பூசணி", "கரிச்சட்டி" என்று பட்டப்பெயர் கிளம்பும்.

அதனால் என் வகுப்பில் பொறாமையைச் சொல்லலாம். சத்தமாகவே சொல்லலாம். "டீச்சர், அவ டிராயிங்கைப் பார்த்தா எனக்கு வயித்தை எரியுது" என்று ஒரு பையன் சொன்னால், "அப்படியா? எந்த இடம் நல்லாருக்கு? தென்னை மரமா, ஆத்துத் தண்ணியா? அவகிட்டயே கேளு, எப்படிப் போட்டான்னு" என்பேன். பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். சொல்லிவிட்ட பிள்ளையின் கை நீளாது. சொல்லாத பிள்ளையின் மேல்தான் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு உபாயம், முறை வைப்பது. எங்கள் பள்ளியில் மணி என்றால் வேப்ப மரத்தில் கட்டித் தொங்கும் தண்டவாளத் துண்டு. அதை அடிக்கிற பாக்கியத்துக்கு நடக்கிற போட்டியைப் பார்த்தால் எம்.எல்.ஏ. சீட்டெல்லாம் ஒன்றுமே இல்லை. நன்றாகப் படிக்கிறவர்களுக்கு மட்டும் மணி என்று வைத்திருந்தார்கள். நான் அட்டவணை போட்டேன். மணி அடிக்க, சாக்பீஸ் டப்பா தூக்க, பானையில் தண்ணீர் ரொப்ப, போர்டு துடைக்க... ஆளுக்கு ஒரு வாரம். ஆயாவிடம் மணிக்கட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். "ஏ ஆயா, குடு" என்று கேட்டால் கிடைக்காது. "ஆயா, கட்டையைக் குடுங்க" என்றால்தான் கிடைக்கும். முதல் வாரம் ஆயாவே கூச்சப்பட்டு, "எதுக்கு டீச்சர் இதெல்லாம், சின்னப் புள்ளைங்கதானே?" என்றார். இரண்டாம் வாரத்திலிருந்து "குடுங்க" வராவிட்டால் ஆயா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை!

வீடுதான் பெரிய தலைவலி. பகல் முழுக்க நாம் பின்னியதைச் சாயந்திரம் வீட்டில் பிரித்துவிடுவார்கள். "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துக் கத்துக்கோ" என்பது நம் ஊர்த் தாலாட்டு. அந்தப் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் பக்கத்து வீடு ஒன்று உண்டே! அங்கே நம் பையனைக் காட்டித் திட்டு விழுந்துகொண்டிருக்கும்.

புகழ்வதிலும் வில்லங்கம் இருக்கிறது. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்பவர்கள் 1998-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக முயற்சி செய்தாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு கஷ்டமான புதிர்களைக் கொடுத்து எல்லோரையும் திணற வைத்தார்கள். "புத்திசாலி"ப் பட்டம் வாங்கியவர்களுக்குப் பிறகு மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்று தெரிந்துகொள்வதில்தான் ஆர்வம். தங்கள் மார்க்கைக் கூட்டிப் பொய் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம்.

2017-ல் தமிழக அரசு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநிலத்தில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. நான் ரிட்டயராகி வீட்டில் இருந்தவள், கற்கண்டு வாங்கி நாலு பேருக்குக் கொடுத்தேன். கொடுத்து என்ன? என் பேத்தி ரெண்டாம் கிளாஸ் படிக்கிறாள். அவள் வகுப்பு அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. டிக்டேஷனில் பத்துக்குப் பத்து வாங்கிய பேப்பரை ஓர் அம்மா ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டோ எடுத்துப் போடுகிறார். கீழே வரிசையாகக் கைதட்டுகிற பொம்மைகள். கைதட்டிய கையோடு ஒவ்வொரு வீட்டிலும் தூங்கப்போன பிள்ளையை எழுப்பி, "உன் பேப்பர் எங்கேடி?" என்று விசாரணை. அரசாங்கம் எடுத்த ரேங்கை அம்மாக்கள் கைப்பேசியில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்!

இருக்கிறவர்களுக்குப் பொறாமை வராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். துரியோதனனுக்கு என்ன குறைச்சல்? அஸ்தினாபுரமே இருந்தது. மயன் கட்டிய மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவனுக்குத் தூக்கம் போயிற்று. எனக்கு இது புரிந்தது பாரதம் படித்து அல்ல. 1994-ல் என் மூணாம் கிளாஸில் நடந்த மயிலிறகு விவகாரத்தில். அந்தப் பிள்ளைகள் இப்போது நாற்பதைத் தொட்டிருப்பார்கள். இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களாகவும் இருக்கலாம். ஆகவே பெயர் வேண்டாம்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு சுவாமிமலை போய்விட்டு வந்த ஒரு பெண், யாருடைய காவடியிலிருந்தோ உதிர்ந்த மயிலிறகு ஒன்றைக் கொண்டுவந்தாள். அறிவியல் புத்தகத்தில் வைத்து, பென்சில் சீவலை இரை போட்டு வளர்த்தாள். வானத்தைப் பார்த்தால் இறகு செத்துவிடும், புத்தகத்தை அடிக்கடி திறந்தால் குட்டி போடாது என்கிற சாஸ்திரமெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒரே வாரத்தில் பாதி வகுப்பு எங்கிருந்தோ மயிலிறகு சம்பாதித்துவிட்டது.

காலாண்டுப் பரீட்சை முடிந்து திறந்த அன்று அவளுடைய இறகு குட்டி போட்டுவிட்டது! இறகிலிருந்து ஒரு பிசிறு தனியாக வந்து ஒதுங்கியிருந்தது என்று நான் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? வேறு யாருடைய இறகும் போடவில்லை. அவளுக்கு வந்த மவுசைக் கேட்கவா வேண்டும்! பார்ப்பதற்கு ஒரு கமர்கட் என்று கட்டணம் நிர்ணயித்துவிட்டாள். இரண்டு நாளில் கன்னம் உப்பிப் போகிற அளவு வசூல்.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் இறகைக் காணோம். குட்டியையும் காணோம்.

அழுகையும் ஆர்ப்பாட்டமுமாக வகுப்பு இரண்டுபட்டது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பும் வந்துவிட்டது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் உட்காருவாள். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். சத்துணவில் சாப்பிடுகிற பெண்.

"அவதான் டீச்சர் எடுத்திருப்பா."

"நீ பார்த்தியா?"

"இல்லை டீச்சர். ஆனா அவகிட்டதான் மயிலிறகே இல்லை!"

இல்லாதவள்தான் எடுத்திருப்பாள். எட்டு வயசுக்கு இந்த நியாயம் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து குதிக்கவில்லை. வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனால் முதலில் யாரை நிற்க வைத்துக் கேட்கிறோம் என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றன? 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது தட்டில் சோறு வந்தது. ஆனால் வகுப்புக்குள் ஒரு கோடும் இருந்தது. டிபன் பாக்ஸ் வரிசை ஒருபுறம், அலுமினியத் தட்டு வரிசை ஒருபுறம். சண்டை வந்தால் "போடி சத்துணவு" என்பார்கள். அந்த வார்த்தையை என் வகுப்பில் நான் அனுமதித்ததில்லை. வெளியே மரத்தடியில் சொல்லுவதை என்ன செய்ய?

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்தப் பெண் வரவில்லை.

பக்கத்து வகுப்பு டீச்சர், "எல்லார் பையையும் கொட்டிப் பார்த்துடுங்க" என்றார். இன்னொருவர், ஆளுக்கு ஒரு குச்சி கொடுத்து, திருடினவன் குச்சி வளரும் என்று சொல்லுகிற பழைய மரியாதைராமன் காலத்து உத்தியைச் சொன்னார். எனக்கு இரண்டும் பிடிக்காது. பையைக் கொட்டினால் இறகு கிடைக்கும்; அந்தப் பிள்ளை வருஷம் முழுக்கத் திருடியாக உட்கார்ந்திருக்கும். கண்டுபிடிப்பதா என் வேலை? நான் என்ன போலீஸா? வியாழக்கிழமை காலையில் வகுப்பில் ஒன்றே ஒன்று சொன்னேன். "என் மேஜை டிராயரை இனிமே பூட்ட மாட்டேன். இறகு அங்கே வந்து சேரட்டும். யார் வெச்சதுன்னு கேட்க மாட்டேன்."

அன்று சாயந்திரமே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அரசலாற்றங்கரையில் தட்டி வைத்த வீடு. அம்மாக்காரி பதறிப்போய் முறத்தைக் கவிழ்த்துப் போட்டு, "உட்காருங்க டீச்சரம்மா" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வூட்டுல இருக்கிறதே ரெண்டு பொஸ்தவம் டீச்சரம்மா. வேணும்னா நீங்களே பிரிச்சுப் பாருங்க" என்று எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நான் பிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து சின்னக் குரல் வந்தது.

"எல்லாரும் எங்கூட காய் விட்டுட்டாங்க டீச்சர்."

"யார் யாரு?"

"எல்லாரும்." கொஞ்ச நேரம் கழித்து, "நான் அதைப் பார்த்ததே இல்லை டீச்சர். பார்க்கறதுக்குக் கமர்கட் கேப்பா."

திரும்பி வருகிற வழியெல்லாம் இந்த வாக்கியம் என்னோடு நடந்து வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிராயரில் ஒரு பொட்டலம். உள்ளே மயிலிறகு, குட்டி, கூடவே ஒரு சிட்டிகை பென்சில் சீவல். சீவலின் ஓரத்தில் ஊதாவும் தங்கக் கோடும். என் வகுப்பில் அந்த மாதிரி துபாய் பென்சில் ஒரே ஒரு பிள்ளையிடம்தான் இருந்தது. மாமா வாங்கி வந்தது. ஃபர்ஸ்ட் ரேங்க் பெண்!

கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டேன். இரண்டு வாளி ஊற்றிய பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"அதுக்குப் பசிக்குமேன்னு சீவிப் போட்டேன் டீச்சர்."

"ம்."

"என்கிட்ட நாலு இறகு இருக்கு டீச்சர். என்னுது மட்டும் ஏன் குட்டி போடலை?"

அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முந்தின வாரம்தான் அவள் அம்மா வந்து ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "கணக்குல 97தானா? மீதி மூணை எங்கேடி தொலைச்சே?" என்று என் எதிரிலேயே கேட்டுவிட்டுப் போனார். எதிலும் தான்தான் முன்னால் இருக்க வேண்டும் என்று பழக்கிவிட்ட பிள்ளைக்கு, ஒரு மயிலிறகு பின்னால் தள்ளிவிட்டது.

"எனக்கும் வேணும்னு தோணிச்சா, அவளுக்கு இருக்கக் கூடாதுன்னு தோணிச்சா?" என்றேன்.

யோசித்தாள். "முதல்ல எனக்கும் வேணும்னு. அப்புறம் எல்லாரும் அவ பின்னாடியே போனாங்களா... அப்போ ரெண்டாவது."

"சரி, இறகு வந்துடுச்சு. அது முடிஞ்சு போச்சு. இன்னொண்ணு இருக்கே?"

"நான் அவளைத் திருடின்னு சொல்லலை டீச்சர்!"

"நீ சொல்லலை. மத்தவங்க சொன்னப்போ நீ எங்கே இருந்தே?"

வாளியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றி முடித்தது நான்தான்.

திங்கட்கிழமை காலையில் நானே போய்க் கடைசி பெஞ்ச் பெண்ணை அழைத்து வந்தேன். வகுப்பில் யார் எடுத்தது என்ற பேச்சையே எடுக்கவில்லை. "இறகு கிடைச்சாச்சு. இவ எடுக்கலை. இவளை ஒரு வார்த்தை சொன்னவங்க, சொல்லும்போது சும்மா இருந்தவங்க, எல்லாரும் வந்து பழம் விடுங்க" என்றேன். "நான் சொல்லலை டீச்சர், நான் அன்னிக்கு லீவு" என்று இரண்டு பேர் வாதாடினார்கள். லீவு லெட்டரைப் பார்த்து விட்டுவிட்டேன். மற்றவர்கள் வரிசையில் நின்று, இரண்டு விரலை நீட்டிப் பழம் கேட்டார்கள். அவள் சிலருக்கு உடனே விட்டாள். சிலரைப் பார்த்து உதட்டைச் சுழித்துவிட்டு, போனால் போகிறது என்று விட்டாள். ஃபர்ஸ்ட் ரேங்க் முறை வந்தது. குனிந்து காதில் என்னவோ சொன்னாள். கடைசி பெஞ்ச் பெண் அவளையே ரொம்ப நேரம் பார்த்தாள். கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டாள். பழம் விடவில்லை.

"ஒரு பழம் விட்டா என்ன குறைஞ்சு போயிடும்? நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றார் பக்கத்து வகுப்பு டீச்சர். நான் சொல்லவில்லை. கேட்க வேண்டியது இவள் கடமை. கொடுப்பது அவள் இஷ்டம். மன்னிப்பு கேட்டவளை உடனே மன்னித்தே ஆக வேண்டும் என்று அடிபட்ட பிள்ளையை மிரட்டுவது, அவளை இரண்டாம் முறை அடிப்பது மாதிரி. எட்டு நாள் இரண்டு பேரும் பேசவில்லை. ஒன்பதாம் நாள் குழாயடியில் பார்க்கிறேன், சட்டைத் துணிக்குள் கடலை மிட்டாயை வைத்துக் காக்காக் கடி கடித்துப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். யார் முதலில் நீட்டியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இறகை அதன் சொந்தக்காரியிடமே கொடுத்தேன். "எல்லாரோடயும் பங்கு போட்டுக்கோ" என்று நான் சொல்லவில்லை. அது அவளுடையது. "காட்டறதா இருந்தா கமர்கட் இல்லாம எல்லாருக்கும் காட்டு. இல்லேன்னா வீட்டுல வெச்சுக்கோ" என்று மட்டும்தான் சொன்னேன். மறுநாள் திரும்பக் கொண்டுவந்தாள். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள்.

"வீட்டுல தம்பி பிச்சுடறான் டீச்சர். இங்கேயே இருக்கட்டும்."

எங்கள் வகுப்பு அலமாரியில் இருந்ததிலேயே கனமான புத்தகம், இருப்புப் பதிவேடு. அதில் வைத்தோம். மணி அடிக்க, பானை ரொப்ப என்று இருந்த அட்டவணையில், இறகுக்கு இரை போட என்று ஒரு வேலை கூடியது. பொங்கலுக்குள் பதினோரு குட்டி! ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ஒன்று நிச்சயமாகக் கோழி இறகு. எது எந்தப் பிள்ளை ரகசியமாகக் கொண்டுவந்து வைத்தது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. துபாய் பென்சில் சீவல் மட்டும் அவ்வப்போது கண்ணில் படும்.

பிப்ரவரியில் கல்வி அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். வாய்ப்பாடு கேட்டார். நோட்டுகளைப் புரட்டினார். "ஸ்டாக் ரிஜிஸ்டர் எங்கேம்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்துவிட்டார். வெள்ளை வெளேரென்ற அவருடைய பேண்ட்டில் பொலபொலவென்று பென்சில் சீவல் கொட்டியது. நாற்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டன.

கடைசி பெஞ்சிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

"சார், மெதுவா மூடுங்க சார். குட்டிங்க தூங்குது."

அதிகாரி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'நாற்காலி 1, மேஜை 1, உலக உருண்டை 1, உடைந்தது' என்று எழுதியிருந்த பக்கத்தின் மேல் கிடந்தவற்றைப் பார்த்தார்.

"எத்தனை?" என்றார்.

"பதினொண்ணு சார்!" நாற்பது குரலும் ஒன்றாக.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் அடியில் 'இருப்பு சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சத்தமே வராமல் பதிவேட்டை மூடினார்.